புத்தகப் பணத்தை ஃபுட்பாலுக்குத் திருப்பாதீர்கள்: டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத் தமிழ் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் வட்டாரங்களில் குடியிருக்கும் நம் குழு உறுப்பினர்களுக்கு,

வாட்ஸாப்பில் போன வாரம் நீங்கள் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் விடுதி முன்பணத்துக்கும் என்று ஆண்டுதோறும் நாம் திரட்டி வந்த பணத்தை, இந்த முறை அப்படியே ஃபுட்பால் அணியின் நிதிக்குக் கொடுப்பதாகத் தீர்மானித்திருக்கிறீர்கள். "இன்னும் ரெண்டு நல்ல பிளேயர் வந்தா போதும், அடுத்த வருஷம் கப் நமக்குத்தான்" என்று ஒருவர் எழுத, அதன்கீழ் வரிசையாகக் கட்டைவிரல்கள். வேண்டாம் என்றவர்களுக்குப் பதில் சொல்லக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

குழுவுக்கு வெளியிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஃபுட்பால் என்று நான் சொல்வது அமெரிக்கர்கள் கையால் எறிந்தும் அணைத்துக்கொண்டு ஓடியும் ஆடும் முட்டைவடிவப் பந்து ஆட்டம். கல்லூரி அணிகள் ஆடும் சனிக்கிழமைகளில் இங்கே ஊரே அடங்கிவிடும். காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் இருக்கும் எங்கள் கைல் ஃபீல்டு அரங்கில் 1,02,733 பேர் உட்காரலாம். உட்காரலாம் என்பது பேச்சுக்குத்தான். மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டேதான் இருப்பார்கள். 2015இல் முடிந்த அதன் புதுப்பிப்புக்கு ஆன செலவு ஏறத்தாழ 48 கோடியே 50 லட்சம் டாலர். ஏழை அணி என்று யாரும் நம்மைச் சொல்ல முடியாது.

இப்போது அந்த "ரெண்டு நல்ல பிளேயர்" விஷயத்துக்கு வருகிறேன்.

டெக்சாஸில் நல்ல பிளேயருக்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது? டாலஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் ஒரு பள்ளி அணிக்காக 2012இல் 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் அரங்கம் கட்டிய மாநிலம் இது. (கட்டிய இரண்டாம் ஆண்டே கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடிவைத்தார்கள் என்பது வேறு கதை.) உயர்மட்டப் பிரிவில் ஆடும் கல்லூரி அணிகள் இந்த ஒரே மாநிலத்தில் 13 இருக்கின்றன. 2005 பருவத்தில் வின்ஸ் யங் என்ற வீரரை வைத்து ஆஸ்டின்காரர்கள், அதாவது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார், தேசியப் பட்டம் வென்றார்கள். அதற்குப் பிறகு 20 பருவங்கள் போய்விட்டன. இந்த 13இல் ஒரு அணிகூடப் பட்டத்தைத் தொடவில்லை. அலபாமா, ஃப்ளோரிடா, எல்.எஸ்.யூ., ஆபர்ன், க்ளெம்சன், ஜார்ஜியா, ஒஹையோ ஸ்டேட், மிஷிகன் என்று ஊர்வலமாக வாங்கிப் போனார்கள். நம் கணக்கு இன்னும் மோசம். நாம் கடைசியாகத் தேசியப் பட்டம் வாங்கியது 1939இல். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய வருடம்.

மைல்ஸ் கேரட்டை நினைத்துப் பாருங்கள். ஆர்லிங்டன் பையன். 2017இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டவர். 2014, 2015, 2016 என்று மூன்று பருவம் நமக்காக ஆடினார். அந்த மூன்று பருவத்திலும் நம் அணியின் முடிவு என்ன? எட்டு வெற்றி ஐந்து தோல்வி, எட்டு, ஐந்து, மறுபடியும் எட்டு, ஐந்து. முதல் ஐந்தாறு ஆட்டங்களை வரிசையாக வெல்வதும், அக்டோபர் பிறந்ததும் சரியத் தொடங்குவதும் மூன்று ஆண்டும் அச்சடித்ததுபோல் நடந்தன. அவரைவிட நல்ல பிளேயரை நம் பணத்தைக் கொண்டு எங்கே போய் வாங்கப் போகிறீர்கள்?

கைலர் மரே இன்னொருவர். அதே ஆலன் பள்ளியில் அவர் முதன்மை குவாட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இறங்கிய 42 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அவருடைய அப்பாவும் 1980களில் நம் அணியின் குவாட்டர்பேக். வேறெங்கும் போகாமல் வீட்டுக்கு வந்த பிள்ளை. 2015இல் ஒரே ஒரு பருவம் ஆடினார். அந்த டிசம்பரில் அவரும், அணியிலிருந்த இன்னொரு குவாட்டர்பேக்கான கைல் ஆலனும் அடுத்தடுத்துக் கிளம்பிவிட்டார்கள். மரே ஓக்லஹோமாவுக்குப் போய் 2018இல் ஹைஸ்மன் விருது வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு அதே ஓக்லஹோமாவில் அந்த விருதை வாங்கிய பேக்கர் மேஃபீல்டும் ஆஸ்டின் பக்கத்துப் பையன். பக்கத்து மாநிலத்துக்காரன் நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்து இரண்டு ஆண்டு தொடர்ந்து நாட்டின் தலைசிறந்த வீரர் விருதை வாங்குகிறான். நாம் இன்னும் ஆள் போதவில்லை என்கிறோம்.

நான் இருக்கும் ஹூஸ்டனிலிருந்து சொல்வதானால் ஜேலன் ஹர்ட்ஸ் சேனல்வியூ பள்ளியிலிருந்தும், ஜேலன் வாடல் பெல்லேரிலிருந்தும் அலபாமாவுக்குப் போனார்கள். இதில் பழைய பாவமும் உண்டு. 1960களில் இந்த மாநிலத்தின் பெரிய கல்லூரி அணிகள் கறுப்பினப் பையன்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், போமான்ட்டிலிருந்து பப்பா ஸ்மித்தும் லா போர்ட்டிலிருந்து ஜீன் வாஷிங்டனும் மிஷிகன் ஸ்டேட்டுக்குப் போனார்கள். 1967இல் இருவரும் முதல் சுற்றிலேயே தொழில்முறை அணிகளுக்குத் தேர்வானார்கள். ஸ்மித் நாட்டிலேயே முதல் ஆள். அன்றைக்குக் கதவைச் சாத்தினோம். இன்றைக்குக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே வந்தவர்கள் தங்குவதில்லை.

2022ஆம் ஆண்டை நீங்கள் யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளி வீரர்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரவரிசை வெளியிடும் நிறுவனம், அந்த ஆண்டு நாம் சேர்த்த வீரர் குழுவைத் தன் வரலாற்றிலேயே மிகச் சிறந்ததென்று அறிவித்தது. நம் குழுவில் இனிப்பு வழங்காத குறைதான். செப்டம்பர் 10 அன்று அப்பலாச்சியன் ஸ்டேட் வந்தது. எளிதில் ஜெயிக்கலாம் என்று 15 லட்சம் டாலர் கொடுத்து நாமே வரவழைத்த அணி. 17-14 என்று நம்மை நம் அரங்கிலேயே தோற்கடித்துவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். வெயிலில் உங்களோடு நானும் நின்றிருந்தேன். யாரும் யாரிடமும் பேசாமல் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தோம். அந்தப் பருவம் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. அதே பருவத்தில் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் டி.சி.யூ., நட்சத்திரப் பட்டியலில் நமக்கு வெகு கீழே இருந்த பையன்களை வைத்து மிஷிகனை வென்று தேசிய இறுதி ஆட்டம்வரை போனது. இறுதியில் ஜார்ஜியாவிடம் 65-7 என்று நொறுங்கியது உண்மைதான். அந்த இறுதி ஆட்டத்தைக்கூட நாம் ஒருமுறையும் ஆடியதில்லை.

அந்த அற்புதக் குழு என்ன ஆனது? வால்டர் நோலன் ஓல் மிஸ்ஸுக்குப் போனார். எவன் ஸ்டூவர்ட் ஆரெகனுக்கு. எல்.டி. ஓவர்டன் அலபாமாவுக்கு. சைப்ரஸ் பையன் கானர் வெய்க்மன் ஹூஸ்டனுக்கு. இன்னும் பலர்.

நம்மில் பலர் பிளஸ் டூ கட்-ஆஃபை வைத்தே ஒருவனுடைய வாழ்நாளைக் கணித்த ஊரிலிருந்து வந்தவர்கள். கட்-ஆஃபில் முதலிடம் வந்த பையன் நான்காம் ஆண்டில் என்ன ஆனான் என்று எந்தக் கல்லூரியும் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்ததில்லை. நட்சத்திரக் கணக்கும் அப்படித்தான். 17 வயதில் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்பதை அது சொல்லும். அதற்குப்பின் அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார், எத்தனை பயிற்சியாளர் மாறினார், ஒவ்வொருவரும் எத்தனை முறை ஆட்டமுறையை முதலிலிருந்து மாற்றினார் என்பதெல்லாம் அதில் வராது. நாம் பணம் கொட்டுவது முழுக்க அந்த 17 வயதுக் கணக்குக்கே.

ஆர்.சி. ஸ்லோகம் 14 பருவம் பயிற்சியாளராக இருந்தார். 123 வெற்றி. தோல்வி மிகுந்த பருவம் ஒன்றுகூட இல்லை. 1998இல் அவர் வாங்கித் தந்த பிக் 12 பட்டம்தான் இன்றுவரை நம் கடைசி லீக் பட்டம். 2002இல் ஆறு வெற்றி ஆறு தோல்வி என்றதும் அவரை அனுப்பினோம். அதற்குப்பின் இப்போதிருக்கும் மைக் எல்கோ ஐந்தாவது ஆள். கெவின் சம்லின் காலத்தில், 2017இல், யூ.சி.எல்.ஏ.வுக்கு எதிராக 44-10 என்று முன்னிலையில் இருந்து 45-44 என்று தோற்றோம். அன்றிரவே பல்கலைக்கழக ஆட்சிக் குழு உறுப்பினர் ஒருவர், இவரை நீக்க வேண்டும் என்று முகநூலில் எழுதினார். பருவத்தின் முதல் ஆட்டம் அது! வேலை கொடுத்தவரே இப்படி எழுதிய பிறகு அந்தப் பயிற்சியாளரை நம்பி எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? நவம்பரில் நீக்கினார்கள்.

பிறகு ஜிம்போ ஃபிஷர். பத்தாண்டுக்கு ஏழரைக் கோடி டாலர், முழுக்க உத்தரவாதத்தோடு. 2027 வரை இருந்த அந்த ஒப்பந்தத்தை 2021இல் 2031 வரை நீட்டித் தொகையையும் உயர்த்தினார்கள். 2023 நவம்பரில் அவரை நீக்கியபோது கொடுக்க வேண்டி வந்தது 7 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல். கல்லூரி விளையாட்டில் அதுவரை யாரும் பார்த்திராத தொகை. அவர் வேறு வேலைக்குப் போனாலும் அந்தச் சம்பளத்தை இதில் கழித்துக்கொள்ள முடியாது. 2031 வரை ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேல் போய்க்கொண்டே இருக்கும். அதை விளையாட்டுத் துறையின் வருவாயிலிருந்தும் நன்கொடையாளர்கள் கொடுத்த நிதியிலிருந்தும் கட்டுவதாகத்தான் அறிவித்தார்கள். நன்கொடையாளர்கள் என்றால் நாளைக்கு நாமும்தான். அந்த நீட்டிப்பின்போது இருந்த விளையாட்டு இயக்குநர் 2024இல் ஒஹையோ ஸ்டேட்டுக்கு வேலை மாறினார். அந்தப் பருவத்தில் ஒஹையோ ஸ்டேட் தேசியப் பட்டம் வாங்கியது என்பதைக் கேட்டு சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

நாமும் சும்மா இருக்கவில்லை. ஃபிஷருக்குப் பதிலாகக் கென்டக்கியின் பயிற்சியாளர் வரப்போகிறார் என்று செய்தி கசிந்த இரவில் ரசிகர்கள் கொதித்ததும், விடிவதற்குள் அந்தப் பேச்சு முறிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நம் குழுவில் அன்று தூங்கியவர்கள் குறைவு. ஓர் இரவு கூச்சலில் பயிற்சியாளரை மாற்றிவிட முடிகிற இடத்தில் யார் வந்தாலும் அடுத்த சனிக்கிழமைக்காகத்தான் வேலை செய்வார். மூன்றாம் ஆண்டில் பலன் தரக்கூடிய பையனை வளர்க்க அவருக்கு ஏது நேரம்? திறமை வளமான ஊர்கள் சறுக்குவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுவே. ஆள் கொட்டிக்கிடக்கும் இடத்தில் இருக்கிற ஆளை வளர்க்கும் பொறுமை யாருக்கும் வருவதில்லை.

நான் ஒரு பொதுப் பள்ளியில் கணக்கு டீச்சர். டெக்சாஸில் 1984இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: பாடத்தில் 70 எடுக்காத மாணவன் ஆட்டத்தில் இறங்கக் கூடாது. ஆகையால் ஃபுட்பால் பையன்களின் தலையெழுத்து அவ்வப்போது என் சிவப்பு மையில் இருக்கிறது. மார்க் பதிவேற்றும் வாரத்தில் கோச்சுகள் என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்கள். கெஞ்ச வருகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலானவர்கள், "எதில் பின்தங்குகிறான், சொல்லுங்கள், காலையில் ஏழு மணிக்கு நான் கூட்டிவருகிறேன்" என்பார்கள். அவர்களும் ஆசிரியர்களே. ஒரே பள்ளியில் வருடக்கணக்கில் இருப்பவர்கள். பையனின் பாட்டி பெயர்வரை தெரிந்தவர்கள். டெக்சாஸில் திறமை விளைகிறது என்றால் இந்த மனிதர்களால்தான்.

அங்கிருந்து கிளம்பிப் போகும் பையனுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தற்காப்பு வரிசையில் ஆடுபவன். என் வகுப்பு மேசைக்குள் கால் நுழையாமல் பக்கவாட்டில்தான் உட்காருவான். பத்தாம் வகுப்பிலேயே ஒரு பெரிய கல்லூரி ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லிவிட்டது. எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று என்று மற்ற அழைப்புகளை அவன் எடுப்பதையே நிறுத்திவிட்டான். பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில் அந்தக் கல்லூரி பயிற்சியாளரை நீக்கியது. புதிதாக வந்தவர் வேறு கல்லூரிகளில் ஏற்கெனவே ஆடிப் பழகியவர்களை, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து எடுத்துக்கொண்டார். கையெழுத்திட வேண்டிய டிசம்பர் வாரத்தில் இவனுடைய போனை யாரும் எடுக்கவில்லை. அவன் அம்மா மதிய இடைவேளையில் என்னிடம் வந்து, மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். பதில் வரவில்லை. கடைசியில் வெளிமாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போனான். அங்கே முதலாண்டுப் புத்தகத்துக்கு அவனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நம் குழுவின் பொருளாளருக்குத் தெரியும். அந்தப் பணத்தைத்தான் நிறுத்தப் போகிறீர்கள்.

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. "எஸ்.இ.சி. லீக் கடினம்" என்பீர்கள். கடினம்தான். 2012இல் நாமே விரும்பிச் சேர்ந்தோம். சேர்ந்த முதல் ஆண்டே அலபாமாவை அவர்கள் ஊரில் வைத்து வென்றோம். "எல்கோ வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 2025இல் தொடர்ந்து 11 வெற்றி. பிறகு ஆஸ்டினில் 27-17 தோல்வி. டிசம்பர் 20 அன்று தேசியப் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றில் கைல் ஃபீல்டிலேயே மயாமியிடம் 10-3. மனம் வலித்தது. ஆனாலும் நல்ல பருவம். அந்த மனிதரை விட்டுவைத்தாலே போதும் என்பதுதான் என் கட்சியும்.

நம்மை வென்ற மயாமி இறுதி ஆட்டம்வரை போய், ஜனவரியில் தன் ஊரில் இருக்கும் அரங்கிலேயே இண்டியானாவிடம் 27-21 என்று தோற்றது. நூறாண்டுக்கும் மேலாகத் தோல்விக்குப் பேர்போன இண்டியானா! அதன் குவாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா மயாமியிலேயே படித்த பையன். உள்ளூர்க் கல்லூரி அவரை வேண்டும் என்று கேட்கவில்லை. கலிஃபோர்னியா போய், அங்கிருந்து இண்டியானா போய், ஹைஸ்மன் வாங்கி, சொந்த ஊருக்கு வந்து சொந்த ஊர் அணியைத் தோற்கடித்தார். பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி இரண்டாண்டுக்கு முன் ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய அணியிலிருந்து வந்தபோது, அங்கே தான் வளர்த்த பையன்களில் பலரையும் கூடவே அழைத்து வந்தார். இண்டியானாவும் பணம் செலவழித்தது, தெரியும். அவர் அதை நட்சத்திரத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. களத்தில் ஆடிக் காட்டியதைப் பார்த்துக் கொடுத்தார்.

2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதலாண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். வீரர்களுக்குப் பணம் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சி. இத்தனை காலம் ஏமாற்றினார்கள். ஆனால் அந்தக் கடலில் நம் உண்டியல் காசு என்ன செய்யும்? பயிற்சியாளருக்கு வேலை செய்யாததற்கு ஆண்டுக்கு 70 லட்சம் கொடுக்கும் இடத்துக்கு நம் பணம் ஒரு பொருட்டே இல்லை. புத்தகம் வாங்க முடியாமல் இணையத்தில் திருட்டுப் பிரதி தேடும் பிள்ளைக்கு அது ஒரு முழு செமஸ்டர்.

எனவே கேட்கிறேன். போன வார முடிவை ரத்து செய்யுங்கள். ஆகஸ்டு கடைசியில் வகுப்பு தொடங்குவதால் ஜூலைக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைத்து, வாட்ஸாப்பில் அல்லாமல் நேரில் வாக்கெடுப்பு நடத்துங்கள். அணிக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்பவர்கள் சொந்தக் கணக்கிலிருந்து கொடுக்கட்டும். குழுவின் பெயரில் வேண்டாம்.

இரண்டாவதாக, நன்கொடைக்குப் பதில் ஒரு மனு அனுப்புவோம். ஆட்சிக் குழுவிடம் நாம் கேட்க வேண்டியவை: வேறு வேலை கிடைத்தால் கழித்துக்கொள்ளும் விதி இல்லாமல் எந்தப் பயிற்சியாளருக்கும் முழு உத்தரவாத ஒப்பந்தம் தரக் கூடாது. பயிற்சியாளர் மாறினாலும் பள்ளி மாணவனுக்கு எழுத்தில் கொடுத்த ஸ்காலர்ஷிப் வாக்கைக் காப்பாற்ற வேண்டும். ஒவ்வோர் ஆண்டு சேர்த்த வீரர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் எந்த ஆண்டில் வெளியேறினார்கள் என்பதைப் பெயரில்லாமல் எண்ணிக்கையாகவாவது வெளியிட வேண்டும். பருவம் நடக்கும்போது ஆட்சிக் குழு உறுப்பினர்கள் பயிற்சியாளரின் வேலையைப் பற்றிப் பொதுவில் எழுதக் கூடாது.

கடைசியாக ஒன்று உங்களிடமே. தோற்ற இரவில் பயிற்சியாளரை நீக்கச் சொல்லும் கையெழுத்து இணைப்புகளைக் குழுவில் பகிர்வதை இந்தப் பருவம் நிறுத்திவையுங்கள். மனுவின் வரைவை இரண்டு மொழியிலும் நான் எழுதி ஜூன் முடிவதற்குள் குழுவில் போடுகிறேன். திருத்தம் இருந்தால் கூட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள். பொருளாளர் இதுவரை உதவி பெற்ற பிள்ளைகளின் கணக்கை அன்று எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கட்டும். வாக்கெடுப்பை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் உள்ள கணக்கு டீச்சர்,
ஹூஸ்டன்